சித்தரத்தை போட்ட சூப்

ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகியதும் முதலில் ஆவி வரும், பிறகு வாசனை. தேங்காய்ப் பாலும் எலுமிச்சை இலையும் உடனே தெரிந்துவிடும். அவற்றுக்கு அடியில் இன்னொரு மணம் இருக்கும். எனக்கு வெகு நாள் பழக்கமானது, ஆனால் பெயர் மட்டும் நாக்கில் வராதது. வாய் அகன்ற நீல நிற ஃபிளாஸ்க் அது. ஓரத்தில் பெயின்ட் உரிந்து உள்ளிருக்கும் எவர்சில்வர் தெரியும். புனேயின் வானவடியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துவிட்டு, அக்கா மின்விசிறிக்குக் கீழே நின்று முகத்தைத் துடைத்துக்கொள்வார். உள்ளறையிலிருந்து என் மகள், கம்பியால் கட்டப்பட்ட பற்களுக்கு இடையே குரலைப் பிழிந்து, "மாவ்ஷி, வந்துட்டியா?" என்று கூப்பிடுவாள். அந்த நாட்களில் நான் வங்கியிலிருந்து திரும்பி வரும்போது அவள் ஒரு முறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து புனேக்கு வந்து, இந்தியும் புரியாமல் மராட்டியும் புரியாமல் நான் கவுன்டரில் விழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கூண்டிலிருந்து, "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா? என்னாண்ட தமிழ்ல சொல்லு, நான் அவங்களாண்ட சொல்றேன்" என்றவர். புனேயிலேயே, போபோடியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வெளியே கேட்ட எல்லாமே அவருடைய தமிழுக்குள் வந்து குடியேறியிருந்தது. காய்கறி அவருக்கு பாஜி, கவலை அவருக்கு காள்ஜி. "காள்ஜி பண்ணாதடி, எல்லாம் டீக் ஆயிடும்" என்பார். தமிழை ஆசையாகப் படித்து வந்த எனக்கு அதைக் கேட்டால் உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஆனால் என் மகள், என்னிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் தடுக்கி விழுகிறவள், அக்காவிடம் மட்டும் அதே கலவைத் தமிழில் மூச்சு விடாமல் பேசுவாள். அப்போது எனக்குச் சிரிப்பு வராது.

அவள் மழலை பேசிய நாளில், "என்னைப் பெரியம்மான்னு கூப்புடு கண்ணு" என்றார் அக்கா. முறைப்படி அதுதான் சரி. ஆனால் அந்தச் சொல்லில் அம்மாவும் இருக்கிறாள், என்னைவிடப் பெரியவளாகவும் இருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. "புனேக் குழந்தை, மாவ்ஷின்னு கூப்பிடட்டும்க்கா" என்று சொல்லிவிட்டேன். மராட்டியில் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அது ஒன்றுதான். நான் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே மராட்டிச் சொல் அது.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன், கல்லூரியிலிருந்து வரும் வழியில் அவளுடைய ஸ்கூட்டர் ஈரத்தில் சறுக்கியது. தெரியாத எண்ணிலிருந்து யாரோ ஒருவர் என்னை அழைத்துச் சொன்னார். இன்றைக்கும் தெரியாத எண் ஒலித்தால், அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். கீழ்த்தாடை முறிந்திருந்தது. எலும்பு கூடும் வரை அசையக் கூடாது என்று மேல் பல்வரிசையையும் கீழ் பல்வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நீராகாரம் மட்டும்தான், அதுவும் ஸ்ட்ரா வழியாக. வாந்தி வந்தால் மூச்சடைக்கும், உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று மருத்துவர் ஒரு சிறிய கட்டரை என் கையில் கொடுத்தார். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றவில்லை. கணவருக்கு அப்போது ஜபல்பூரில் வேலை. வந்தார், ஒரு வாரம் இருந்தார், போனார்.

பருப்புத் தண்ணீர், ரசம், கேழ்வரகுக் கஞ்சி, எங்கள் ஊர்ச் சொதியை வடிகட்டியது என்று தெரிந்ததையெல்லாம் செய்தேன். இரண்டு மடக்கு உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"ஏட்டி, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. குடிச்சிரு."

"மா, அப்படிப் பார்க்காதே. ஐ.சி.யூ. மானிட்டர் மாதிரி பார்க்கறே."

நான் பார்க்காமல் எப்படி இருப்பது? அவள் தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன். கழுத்தெலும்பு நேற்றைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பேன். என் கை என்னை அறியாமல் கட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்படியே எடை இறங்கினால் மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

என் விடுப்பு தீர்ந்துபோனது. பகல் பொழுதுகளில் பார்த்துக்கொள்ள அக்கா வந்தார். வந்த முதல் நாளே, "பொண்ணு குச்சியா ஆயிட்டாளேடி. கோழி சூப் குடுக்கட்டா?" என்றார். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறியதில்லை. மகள் வெளியே சாப்பிடுவது எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். நான் பதில் சொல்வதற்கு முன்பே அவள் தலை, ஆமாம் ஆமாம் என்று ஆடியது. ஓய்வு பெற்ற பின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஒரு குழுவோடு பாங்காக் போய் வந்திருந்தார்கள். "அங்க போயி உருப்படியா கத்துக்கினு வந்தது இந்த ஒரு சூப்புதான், மிச்சமெல்லாம் ஷாப்பிங்" என்றார். மறுநாள் போபோடியிலிருந்து ஃபிளாஸ்க்கோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். எந்த ஸ்கூட்டரையும் என்னால் பார்க்க முடியாத நாட்கள் அவை.

அன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. எங்கள் சமையலறையில் துணி விரித்து சூப்பை வடிகட்டி, டம்ளரில் ஸ்ட்ரா போட்டு மகளிடம் கொடுத்துவிட்டு, அக்கா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தொலைக்காட்சியில் ஏதோ மராட்டித் தொடர். "இவளைப் பாரேன், மாமியார் மண்டையப் போட்ட வீட்ல இவ்ளோ லிப்ஸ்டிக்கா!" என்று அதோடு பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், டம்ளர் அடியில் நீர் தீர்ந்து ஸ்ட்ரா காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எத்தனை நாள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்! அது கேட்டபோது முதலில் வந்தது மகிழ்ச்சி என்று சொல்ல ஆசைதான். அக்காவே டம்ளரை வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் அங்கேயே நின்றேன் என்பதே உண்மை.

வடிகட்டிய துணியை அலசுவது என் வேலையாயிற்று. கோழியின் நார்களைக் கண்ணை மூடிக்கொண்டு உதறுவேன். ஒரு நாள் துணியின் மடிப்பில், ஊறிப் பருத்த ஒரு பழுப்பு வில்லை ஒட்டியிருந்தது. எடுத்து முகர்ந்தேன். வராமல் போக்குக் காட்டிய பெயர் வந்துவிட்டது. சித்தரத்தை! மகள் பிறந்ததிலிருந்து சளிக்கும் இருமலுக்கும் நான் உரசிக் கொடுத்ததும், கஷாயம் வைத்துக் கொடுத்ததும், அவள் ஒவ்வொரு முறையும் துப்பியதும் அதுதான்.

அக்காவிடம் கேட்டேன். "அது குலிஞ்சன்டி. ஜடிபூட்டிக் கடையில கிடைக்கும். தாய்லாந்துல பச்சையா போடுவாங்க, நமக்குக் காஞ்சது போதும்" என்றார். நாட்டு மருந்துக் கடையைத்தான் சொன்னார். சித்தரத்தை என்ற சொல் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவர் கட்டுக் கட்டாகப் போடும் எலுமிச்சைப் புல்லும், இந்த ஊர்க்காரர்கள் தேநீரில் போட்டுக் கொதிக்கவைப்பதுதான், தெருமுனைக் காய்கறி வண்டியில் கொத்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும். தேங்காய்ப் பாலோ எங்கள் சொதி. கோழியைத் தவிர அந்த ஃபிளாஸ்க்கில் என் வீட்டில் இல்லாதது எதுவுமே இல்லை.

வெற்றி பெற்றவள்போல மகளிடம் போனேன். "உங்க மாவ்ஷி தாய்லாந்துலேருந்து கொண்டுவந்தது என்னன்னு தெரியுமாட்டி? சித்தரத்தை. நான் குடுத்தா துப்புவியே, அதேதான்."

அவள் பற்களுக்கு இடையிலிருந்து வார்த்தைகள் மெதுவாக வந்தன. "நீ குடுத்தா மருந்து மா. மாவ்ஷி குடுத்தா சூப்."

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது வெறும் தகவல்.

எலும்பு கூடிவிட்டது என்று ஒரு நாள் கம்பிகளை எடுத்தார்கள். தாடை இறுகிப்போயிருந்தது. நன்றாக வெந்த சோறு, சேமியா, நூடுல்ஸ் மாதிரி மெத்தென்று இருப்பதை மெல்லத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். "சூப்புல நூடுல்ஸ் போட்டு, கடிச்சு" என்றாள் மகள். அன்று வங்கியில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது, பாதி நாள் அனுமதிதான் கிடைத்திருந்தது. மறுநாள் முழுக்க நான் போயே ஆக வேண்டும். அக்காவையும் வைத்துக்கொண்டு சொன்னேன்: "நாளைக்குச் சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் நூடுல்ஸ் வேண்டாம். நானே செஞ்சு தாரேன். முதல் வாய் எனக்குப் பாக்கணும்."

"அவ்ளோதான? மத்தியானம் வெறும் சூப்பு குடிச்சிக்குவா. உன் பொண்ணு, உன் முதல் வாய்" என்றார் அக்கா.

மறுநாள் சாயங்காலம் வாழ்க்கையில் முதன்முறையாகக் கோழிக் கடையில் நின்றேன். "கறி கட்டா, பிரியாணி கட்டா?" என்று வெட்டும் அளவைக் கடைக்காரர் இந்தியில் கேட்டார். "பொண்ணுக்கு உடம்பு சரியில்லை" என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேன். புதிதாக ஒரு பாத்திரம், புதிதாக ஒரு கரண்டி வாங்கினேன். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு கோழியை வேகவைத்தேன். புல்லை நசுக்கிப் போட்டேன். சித்தரத்தை அரை வில்லைதான், மருந்தாகிவிடக் கூடாது. இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே முதல் பாலை ஊற்றினேன். பால் திரியாமல் இறக்குவதில் எங்கள் ஊர்க்காரிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். அக்கா சொல்லியிருந்த பட்டையான அரிசி நூடுல்ஸ் எங்கே கிடைக்கும் என்று தெரியாததால், வீட்டிலிருந்த மெல்லிய அரிசிச் சேவையைப் போட்டேன்.

அவள் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். தாடை மெதுவாக ஏறி இறங்கியது.

"மா. கடிக்க முடியுது மா."

"வலிக்கா?"

"இல்ல. ஒன்னுமே வலிக்கல."

நான் உடைந்து அழுதேன். கழுத்திலிருந்த கட்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு அக்கா மேல் துளி பொறாமையும் இல்லாத நேரம். பாவம், இவ்வளவு நாள் சுமந்து வந்தவர், இதைப் பார்க்க முடியவில்லையே என்று அவருக்காக வருத்தம்கூடப் பட்டேன்.

பிறகு பாத்திரம் தேய்க்கப் போனேன். தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றது. அடியிலிருந்த சல்லடையை எடுத்துத் தட்டினேன். என் சேவை நூல்போல மெல்லியது. சல்லடையில் கிடந்தவை விரல் அகலத்தில், வெள்ளையாக, பட்டையாக இருந்தன. அக்கா எப்போதும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர், எங்கள் வீட்டில் தேநீருக்கு மேல் எதையும் தொடமாட்டார். உள்ளறையில் மகள் தாழ்ந்த குரலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா அழுதுட்டா, மாவ்ஷி... இல்ல, சொல்லமாட்டேன். பிராமிஸ்."

கையில் சல்லடையோடு நின்றேன். மத்தியானம் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பொறுக்க முடியாமல் கேட்டிருக்கலாம். அல்லது, முதல் கடியில் வலிக்குமோ என்று பயந்து, அம்மா பார்ப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இருவருமாக முடிவு செய்திருக்கலாம். வலித்திருக்கவும் கூடும். அவள் அலறியிருக்கலாம். அந்த அலறல் என் காதில் விழக் கூடாது என்று, சாயங்காலத்துக்குள் வலிக்காமல் கடிக்கப் பழகியிருக்கலாம். இந்தக் கடைசி எண்ணம்தான் என்னை இன்னும் விடுவதில்லை. ருசியைத்தான் அக்காவிடம் கொடுத்தாள் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வலியையும் அவரிடம்தான் கொடுத்தாள். அம்மாவிடம் கொண்டுவர வேண்டிய ஒன்றை, அம்மா தாங்கமாட்டாள் என்று வேறு இடத்தில் இறக்கிவைத்துவிட்டாள்.

நான் கேட்கவில்லை. கேட்டால் இருவரும் எனக்காகக் கட்டிய ஒன்று இடிந்துவிடும். அந்தப் பட்டைகளைக் குப்பையில் போட்டு, மேலே வெங்காயத் தோலைப் போட்டு மூடினேன்.

இப்போது மகள் வேலைக்குப் போகிறாள். மறுபடியும் ஸ்கூட்டர்தான். அவள் வீடு வந்து சேரும் வரை நான் பால்கனியில் நிற்பதை அவளால் நிறுத்த முடியவில்லை. அக்கா தன் மகனோடு, ஊருக்கு வெளியே தளேகாவுக்குக் குடிபோய்விட்டார். அவருக்கு மனம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் பிடித்து வருவார். அன்றைக்கெல்லாம் அந்த சூப் எங்கள் வீட்டில் நான் வைப்பதுதான். பட்டை நூடுல்ஸ் கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினார். "எங்கிட்ட கத்துக்கினு என்னையே தூக்கிச் சாப்ட்டுட்ட போ. ஆனாலும் நீ குடுத்து வச்சவடி. ஒன்றரை மாசம் நான் சுமந்தேன், அந்த முதல் வாயைப் பாத்தது நீ."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் சொன்னார். மகள் சட்டென்று கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்ததைப் பார்த்தேன்.

"ஆமாக்கா. அதுக்கு நான் குடுத்துதான் வச்சிருக்கணும்" என்றேன்.

கரண்டியை எடுத்து, மகளுக்கு முன்னால் அக்காவின் கிண்ணத்தை நிரப்பினேன். கோழியும் சாறும் நிறையவே ஊற்றினேன். அன்று சல்லடையில் கிடந்த அதே பட்டை நூடுல்ஸை மட்டும் கரண்டியைச் சாய்த்துப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டேன்.