கரண்டிக் காம்பின் பின்புறம்

நீல வெல்வெட் பெட்டிக்குள் பன்னிரண்டு தேக்கரண்டிகள் இருந்தன. சூரிச்சுக்குப் பக்கத்தில், அட்லிஸ்வில் வீட்டில் அதைத் திறப்பதற்கு முன்னால் பெரியம்மா கையை நன்றாகத் துடைத்துக்கொள்வார். அவர் இருபத்தொரு வருடம் துப்புரவு வேலை செய்த வீட்டின் சுவிஸ் அம்மையார், முதியோர் இல்லத்துக்குப் போன நாளில் கொடுத்தவை அவை. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த தன் தாயின் வெள்ளி என்றாராம். பெற்ற மகனுக்குக் கொடுக்காமல் தனக்குத் தந்ததை வருகிறவர்களுக்கெல்லாம் பெரியம்மா சொல்வார்.

அப்போது நான் சூரிச்சில் ஓர் ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழைய வெள்ளிப் பாத்திரங்களின் முத்திரைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதும் வேலை. ஹாலந்து வெள்ளி என்றால் ஒரு சிங்கமும், தலைக்கவசம் அணிந்த பெண்ணின் தலையும் பொறித்திருக்கும் என்று படித்திருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை.

ஒரு பிறந்தநாளன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிங்கம் இல்லை. இரண்டு எழுத்துகளும் கீறல் போன்ற ஒரு கோடும் மட்டும் தெரிந்தன. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இது ஹாலந்து வெள்ளி இல்லை, பெரியம்மா. வெறும் முலாம். அந்த மனிசி உங்களை ஏமாத்திப் பேய்க்காட்டிப் போட்டா."

"இருபத்தொரு வருசம் கக்கூஸ் கழுவினதுக்கு நல்ல பரிசு" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியம்மா பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோனார். அடுத்த கிழமை அதைப் பழைய இரும்பு போடும் தொட்டிக்குள் எறிந்துவிட்டார்.

அதுவரை புதன்கிழமை தவறாமல் முதியோர் இல்லத்துக்குப் போய் அந்த அம்மையாருக்குத் தலை வாரி, நகம் வெட்டி விட்டு வருவார். அதோடு அது நின்றது. இல்லத்திலிருந்து தாதி தொலைபேசியில் அழைத்தார். புதன்கிழமைகளில் அம்மையார் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார், சாப்பிடக்கூட உள்ளே வருவதில்லை என்றார். ஜெர்மன் பேசத் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் பெரியம்மா, "வேலை எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். மூன்று முறை அழைத்தார்கள், மூன்று முறையும் அதையே சொன்னேன். நான்காவது அழைப்பு வரவில்லை. அம்மையார் இறந்த செய்தி வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பெரியம்மா "ஓம்" என்றதோடு சரி.

மறுவருடம் அதே மாதிரிக் கரண்டிகள் ஏலத்துக்கு வந்தன. முலாம் என்று எழுதிவைத்தேன். எங்கள் பிரிவுத் தலைவி சீட்டைத் திருப்பித் தந்தார். "சின்னப் பொருளில் சிங்கத்துக்கு இடம் ஏது? அதற்கு வாள் முத்திரை. இது அசல் வெள்ளி."

மறுபடி பார்த்தேன். கீறல் என்று நான் நினைத்தது ஒரு குட்டி வாள். இன்று அதை உருப்பெருக்கி இல்லாமலே கண்டுகொள்வேன்.

பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் எடுத்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தினார்.

"அப்ப அவ என்னைப் பேய்க்காட்டேல்லை."

"இல்லை, பெரியம்மா."

கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவவை எங்க வைச்சிருக்கினம்? என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

அடுத்த புதன்கிழமை போனோம். மயானத்துப் பணியாளர் ஒரு புல்வெளியைக் காட்டினார். மகன் செய்த ஏற்பாடு. பலருடைய சாம்பலோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள், பெயர் எழுதவில்லை. பெரியம்மா கையில் பூக்களோடு ஓரத்திலேயே நின்றார்.

"எந்தப் பக்கம் எண்டு கேள்."

கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார் பணியாளர். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.