ஐஸ்காரன் பேசினான் என்று சொன்னேன்

வள்ளூரில் நான் கறிக்கோழிப் பண்ணை போட்டபோது என் வீட்டுக்காரர் ஒரே ஒரு புத்திதான் சொன்னார். வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை நடத்தியவர். "ஒரே வீட்டு ஆளாப் போடாத. ஒருத்தி நின்னா அத்தனையும் நின்னுரும்" என்றார். நான் கேட்பேனா? மூட்டை தூக்குகிறவர்களை மேய்க்கிற மனுஷனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

உண்மையில் எனக்கு வேறு வழியும் இல்லை. அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாம் அனல்மின் நிலையத்துக்கும் கண்டெய்னர் யார்டுக்கும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். கோழி எச்சத்தில் நிற்க யார் வருவார்கள்? கடைசியில் எம்.கே.பி. நகர் குடியிருப்பிலிருந்து ஒருத்தி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அவளுக்கு அக்கா, அவளும் எனக்கு அக்கா. ஒரே மாதத்தில் தன் தம்பிகள் இரண்டு பேரையும், பெரிய தம்பியின் பெண்சாதியையும், சித்தி மகளையும் கூட்டி வந்துவிட்டாள். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து பேருக்கும் சொன்ன மாதிரி. சண்டை கிடையாது, சொல்லாமல் லீவு கிடையாது. ஆள் வைத்து வேலை வாங்கத் தெரிந்தவள் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு திமிர்கூட இருந்தது.

எனக்கு வெயில் என்றால்தான் பயம். முந்தின வருஷம் கத்திரியில் ஒரே மத்தியானத்தில் பாதிக் கொட்டகை செத்துப்போனது. வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு, என் கண்ணெதிரேயே விழுந்தன. இன்னொரு தடவை இப்படி ஆனால் கொட்டகையைப் பிரித்துவிடுவோம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

அடுத்த வருஷமும் கத்திரி வந்தது. கோழிகள் நன்றாக வளர்ந்து எடைக்கு வந்திருந்தன. மறுநாள் காலையில் வியாபாரியின் லாரி வர வேண்டும். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. எதிரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருந்தன, எங்கள் கொட்டகையில் ஒரு ஃபேன் சுற்றவில்லை. கூரைமேல் தண்ணீர் ஊற்றினோம். பக்கத்துக் கம்பி வலையில் ஈரச் சாக்குகளைக் கட்டினோம். காசிமேட்டு ஐஸ்காரன் காலையில் இறக்கிவிட்டுப் போன, மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டிகளை உடைத்து, குடிக்கிற தண்ணீரில் போட்டோம். ஆனால் முக்கியமான வேலை அது இல்லை. கொழுத்த கோழி வெயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதனால் ஆட்கள் கோழிகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டே, அவற்றை எழுப்பிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டகையின் நீளத்துக்கு ஐந்து பேர்கூடப் போதாது.

பதினொன்றரைக்கு என் அறையில் போன் அடித்தது. அவளுடைய வீட்டுக்காரர், எம்.கே.பி. நகர் பூத்திலிருந்து.

"யக்கா, எங்க அத்தைக்கு மூச்சு இழுத்துகினு கீது. பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கேட்டுகினே கீது. சீக்கிரம் அனுப்பிவுடுக்கா."

சரி என்று வைத்தேன். சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வெளியே வந்தேன். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கோழியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். அவள் தம்பிகள் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். சாகக் கிடப்பது அவர்களுக்கும் அம்மா. ஒருத்தியை அனுப்பினால் ஐந்து பேரும் போவார்கள்.

போனில் யார் என்று கேட்டாள்.

"ஐஸ்காரன்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொஞ்ச நேரம்தான், வெயில் தாழட்டும், கிழவிக்கு அதற்குள் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாளியை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே இறங்கினேன். அவளுக்குப் பக்கத்தில் நடக்கப் பயந்து எதிர் ஓரமாகவே நடந்தேன்.

ஒரு மணிக்குத் திரும்பவும் போன் அடித்தது. "போன் அடிக்குதுக்கா" என்று அவள்தான் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். போனேன். கதவைச் சாத்தினேன். ரிசீவர்மேல் கையை வைத்துக்கொண்டு, எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கைக்கு அடியில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நான் பயந்த மாதிரி என் பிரசவத்தில்கூடப் பயந்ததில்லை. அடித்து ஓய்ந்ததும் வெளியே வந்து, ராங் நம்பர் என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மூன்று மணிக்குக் கடல்காற்று வந்தது. கோழிகள் வாயை மூடின. பதினொன்றுதான் செத்திருந்தன. அப்போதுதான் அவளிடம் போய், இப்போதுதான் போன் வந்தது, அம்மாவுக்கு முடியவில்லையாம் என்றேன். ஐந்து பேரும் காலைக்கூடக் கழுவாமல் ஓடினார்கள். தீவன டெம்போவில் ஏற்றி அனுப்பினேன். மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றனவாம். அவர்கள் போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்னால் அம்மா போய்விட்டாள்.

மறுநாள் லாரி முழுக்கக் கோழி ஏற்றி அனுப்பிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு சாவுக்குப் போனேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார், சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தார். எத்தனை மணிக்குப் போன் செய்தோம் என்பது அவருக்குத் தெரியும். இப்போது கேட்பார், இதோ எல்லாரும் இருக்கும்போது கேட்பார் என்று சோடாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பதினாறு நாளும் காலிக் கொட்டகையில் நான் தனியாக எச்சம் வாரினேன், சுண்ணாம்பு அடித்தேன். புதுக் குஞ்சு இறங்குகிற தேதி நெருங்கியது. வேறு ஆள் தேடவில்லை. அவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயம். வந்துவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அதைவிடப் பயம். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தூற்றட்டும் என்றுகூட நினைத்தேன். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்னால் கடியாரத்தைப் பார்ப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

காரியம் முடிந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். மற்ற நாலு பேர் நேரே கொட்டகைக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்றாள். குரல் ஏறவில்லை, கண் கலங்கவில்லை.

"யக்கா, இந்த போனை வெளிய கொட்டாயாண்ட வச்சுடு. மணி அடிச்சா நாங்களே எடுத்துக்கறோம்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அவ்வளவு தூரத்துக்கு ஒயர் எட்டாதே என்றேன்.

அவள் கூடையிலிருந்து, சாப்பாட்டுத் தூக்குக்குக் கீழே இருந்த செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். கொட்டகை வரைக்கும் எட்டுகிற அளவுக்குப் புது டெலிபோன் ஒயர் சுருட்டி வைத்திருந்தது.