திண்டிவனம் போன மணியார்டர்

ஈப்போவில் நான் காலையில் காப்பி குடிக்கிற கடையின் சீன முதலாளி, என்னை முதன்முதலாகப் பார்த்தபோது பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "காஜி பெராப்பா?" என்றார். சம்பளம் எவ்வளவு என்று மலாய் மொழியில் அர்த்தம். சாப்பிட்டாயா என்று நாம் கேட்கிற மாதிரி இங்கே இதைக் கேட்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு அவரவர் வழியே போகலாம். எனக்கு அது தெரியாது. மாசம் இருபத்தெட்டு வெள்ளி, இந்த ஊர் டாலர், வாங்கிக்கொண்டிருந்தவன் பதினாலு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் காப்பியோடு ஒரு ரொட்டித் துண்டும் வந்தது. காசை நீட்டினால் கையைத் தள்ளினார். பக்கத்து மேசைக்காரனிடம் என்னைக் காட்டி "கெசியான்" என்றார். பாவம் என்று பொருள். அந்த ரொட்டியை யுத்தம் வரும்வரை தின்றேன். சம்பளம் மூன்று தடவை ஏறியது, ரொட்டி நிற்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றால் அது முதல் நாளில்தான் முடிந்திருக்கும். இரண்டாம் நாளே அது கடந்துபோன ரயில்.

நான் வேலை செய்வது ஒரு ஈயச் சுரங்கத்தின் சாமான் கிடங்கில். மாசக் கடைசியில் சம்பளத்தை உறையில் போட்டு, உறையை ஒட்டி, மேலே பெயர் மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்குத் தெரியாது. முதல் உறையை வாங்கிய அன்று அதைப் பிரிக்காமல் ஆற்றங்கரை வரைக்கும் நடந்தேன். பிறந்ததிலிருந்து எனக்கென்று யாரும் பார்க்காத பொருள் ஒன்று கிடையாது. விழுப்புரத்துக்கு மேற்கே, கெடார் போகிற சாலையில் இருக்கிற சேரி எங்களுடையது. களத்தில் நிலக்காரரான ஆண்டை கூலி நெல்லை மரக்காலில் அளந்து போட, கணக்குப்பிள்ளை "லாபம்" என்று முதல் மரக்காலைச் சொல்லி, ரெண்டு, மூணு என்று கூவி எண்ணுவார். யார் எத்தனை மரக்கால் வாங்கினான், யாருக்கு எத்தனை குறைந்தது என்பதை வரப்பில் நின்ற நாய்கூட அறியும். அன்று ராத்திரி எந்த வீட்டில் சோறு, எந்த வீட்டில் கேப்பைக் கூழ் என்று கேட்க வேண்டியதே இல்லை. வறுமை அங்கே கூரையில்லாத வீடு. மழையும் எல்லோருக்கும் தெரியும், நனைகிறவனும் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அக்கா ஒருத்தி, அஞ்சலை. அவள் புருஷன் மாணிக்கம் ஆண்டையிடம் படியாள், வருஷம் முழுவதும் அந்த ஒரு வீட்டு வேலைக்கே கட்டுப்பட்டவர். அவருடைய அப்பா என்றைக்கோ வாங்கிய கடனுக்கு இவர் ஏர் பிடித்தார். பாதிரி பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டதால் நான் கப்பலேறினேன். மாமாவுக்கு எழுத்து இல்லை, அதனால் ஏர் பிடித்தார். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மணியார்டரை ஊருக்கே அனுப்பினேன். தபால்காரர் சேரிக்குள் வரமாட்டார். சாலையோரப் பனைமரத்தடியில் நின்று, "அஞ்சலை, மலாயாவுலேர்ந்து இருபது ரூபா" என்று கத்தினாராம். கைநாட்டு வாங்கி, சாட்சி வாங்கி, பணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போவதற்குள் ஆண்டை வீட்டுக்குச் சேதி போய்விட்டது. அடுத்த களத்து மேட்டில் ஆண்டை சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "மலாயாக்காரன் அக்காளுக்கு மரக்கால் நெல்லு எதுக்குடி?" அந்தப் போகத்தில் நெல் பாதியாயிற்று. மாமாவின் பழைய கடனுக்கு வட்டி திடீரென்று ஞாபகம் வந்தது. நான் அனுப்பிய இருபதும் அப்படியே ஆண்டை வீட்டுக்குப் போயிற்று. கடல் தாண்டி வந்த காசு, வாய்க்கால் தாண்டி நிற்கவில்லை.

அக்கா விழுப்புரம் ரயிலடியில் கடிதம் எழுதித் தருகிறவரிடம் ஓரணா கொடுத்து எனக்கு எழுதினாள். இனிமேல் ஊருக்கு அனுப்பாதே, திண்டிவனம் தபாலாபீசுக்கு அனுப்பு, அங்கே நம்மை யாருக்கும் தெரியாது, கிளியனூர்ப் பக்கம் துண்டு நிலம் விலைக்கு வருகிறது, சேர்த்து வாங்கிவிட்டால் உன் மாமாவை அந்த ஏரிலிருந்து அவிழ்த்துவிடலாம் என்று. கடைசியில் ஒரு வரி, அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதப்பட்டது: "அவங்களாண்ட சொல்லிராத தம்பி. ஆண்டை கேட்டா அவங்க வாயில ஒண்ணும் நிக்காது. பொய் சொல்லத் தெரியாத மனுசன்." யாரை விடுவிப்பதற்காகச் சேர்த்தோமோ அவருக்குத் தெரியக் கூடாது. அப்போது அது எங்களுக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

திண்டிவனத்தில் முதல் தடவை அவளுக்குப் பணம் தரவில்லை. உன்னை அடையாளம் சொல்ல ஆள் கூட்டி வா என்று திருப்பிவிட்டார்கள். யாருக்கும் தெரியாத ஊர் என்றுதான் அவள் போனாள். யாருக்காவது தெரிந்தால்தான் பணம். தபாலாபீசுக்கு எதிரே கயிறும் வாளியும் விற்கிற ஒரு பாய், கோட்டக்குப்பத்துக்காரர், அவள் வெயிலில் நிற்பதைப் பார்த்து விசாரித்தாராம். அவருடைய தம்பிகள் சைகோனில் இருந்தார்கள். "எங்க வூட்லயும் கடல்தாண்டிதான்மா சோறு வருது" என்று சொல்லி வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசமும் அவர்தான் போட்டார். பணத்தையும் அவரிடமே விட்டுவைத்தாள். என் கடிதங்களும் அவர் கடை விலாசத்துக்கே போயின.

மாசம் ஒரு தடவை விடியுமுன் நடந்து விழுப்புரம் வந்து, ரயிலேறித் திண்டிவனம் போய், சாயங்காலம் திரும்புகிற பெண்ணுக்கு ஒரு காரணம் வேண்டும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. திண்டிவனத்தில் ஒரு வைத்தியச்சி பிள்ளைக்கு மருந்து தருகிறாள் என்று மாமாவிடம் சொன்னாள். மாமா நம்பினார். ரயில் காசுக்காக வெற்றிலை போடுவதை விட்டார். இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். யுத்தத்துக்குப் பிறகு என்னில் பல விஷயங்கள் அப்படித்தான் இருக்கின்றன, தண்ணீர் வற்றிய ஏரியில் கட்டிவைத்த படகு மாதிரி.

நாலு வருஷம் அப்படிப் போயிற்று. கிளியனூரில் அறுபது சென்ட் அவள் பேரில் பதிவாயிற்று. இன்னும் ஆண்டையின் கடனை அடைக்கிற பணம் சேர வேண்டும். அதற்குள் எங்கள் சேரியிலிருந்து திண்டிவனம் சந்தைக்குப் போன ஒருத்தி, பாய் கடை வாசலில் அக்கா உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டாள். கிணற்றடியில் பேச்சு ஆரம்பித்தது. "அஞ்சல, திண்டிவனத்து மருந்து கசக்குதா, இனிக்குதா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தோடு சிரிப்பார்களாம். ஒரு வார்த்தை சொன்னால் அக்காவின் பேர் நிமிர்ந்துவிடும். அந்த வார்த்தை பணம். அதை அவள் சொல்லவில்லை.

அப்போதுதான் மாமாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் வாழ்நாளில் எனக்கு அனுப்பிய ஒரே கடிதம். க்ஷேமம், ஆசீர்வாதம் எதுவும் இல்லை. உன் அக்காளுக்கு நீ பணம் அனுப்புகிறாயா, இல்லையா, ஒரு வார்த்தை எழுது என்று மட்டும் இருந்தது. எழுத்தைப் பார்த்தேன். ஆண்டை வீட்டுக் கணக்குப்பிள்ளையின் எழுத்து. எங்கள் பற்றுச்சீட்டுகளில் சின்ன வயசிலிருந்து பார்த்த அதே வளைந்த எழுத்து. மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுத்தேன். இது மாமாவின் கேள்வி அல்ல, ஆண்டையின் கேள்வி என்று முடிவு செய்தேன். ஊரில் ஓடிய பேச்சு எதுவும் எனக்குத் தெரியாது. அக்கா அதை எழுதியதில்லை. நாலாம் நாள் எழுதினேன்: இல்லை. அன்றைக்கே பாய் கடை விலாசத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன், மாமா கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று.

பதில் வர வேண்டிய கப்பல் வரவில்லை. ஜப்பான்காரன் வந்துவிட்டான். மூன்றரை வருஷம் கடல் மூடிக் கிடந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றோம். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை மூட்டையாகக் கொடுத்து ஒரு படி அரிசி வாங்கினோம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன். யுத்தம் முடிந்து ஏழு மாசத்துக்குப் பிறகு, பாயின் எழுத்தில் அக்காவின் கடிதம் வந்தது: நான் திண்டிவனத்தில் இருக்கிறேன். சௌக்கியம். அவங்க வேற கட்டிக்கினாங்க. ரெண்டு பிள்ளைங்க. உன் க்ஷேமத்துக்கு எழுது.

போன வருஷம் ஊருக்குப் போனேன். மதராசிலிருந்து வருகிற ரயிலில் விழுப்புரத்துக்கு முன்னால் திண்டிவனம் வரும். இறங்கினேன். அக்கா கிளியனூர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை, நானும் அழவில்லை. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பச்சை மல்லாட்டையை என் மடியில் போட்டாள். நான் சொல்ல வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நான் சொன்னததான நீ செஞ்ச" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா அவளை அடிக்கவில்லையாம், வையவில்லையாம். என் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்று சாயங்காலம், அவளுடைய இரண்டு புடவையை மடித்து வாசலில் வைத்தாராம். நிலத்தைச் சொன்னால் அது ஆண்டை கைக்குப் போய்விடும் என்று, அப்போதும் சொல்லாமல் அவள் புடவையை எடுத்துக்கொண்டு வந்தாளாம்.

மறுநாள் விழுப்புரம் போய் நடந்து சேரிக்குப் போனேன். மாமா ஆண்டையின் மாட்டை லாடம் அடிக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பிள்ளைகள் இருவரும் அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பணம் என்னுடையது மாமா, அக்கா மேல் தப்பில்லை, கணக்குப்பிள்ளை எழுத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றேன். அவர் மாட்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கணக்குப்பிள்ளதான் எழுதினாரு. எனக்கு வேற யாரு எழுதிக் குடுப்பா? ஊரு ஆயிரம் பேசுச்சு மச்சான். நான் பணமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். உன் கடுதாசி ஆமான்னு வரணும்னு மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினு இருந்தேன். நீயே இல்லேன்னுட்ட. அப்புறம் நான் எத நம்பறது?"

ஆண்டைக்குத் தெரிந்திருக்குமே மாமா என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சா என்னா? இன்னும் ரெண்டு வருசம் உழுதிருப்பேன். அவ்ளோதான" என்றார். சாப்பிட்டுப் போ என்று சொன்னார். அவருடைய இரண்டாம் பெண்டாட்டி கூழ் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

இந்த ஊரில் என்னோடு வேலை செய்கிற நம்மவர்கள் சம்பள நாள் வந்தால் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அண்ணே, வீட்டுக்கு உள்ளதை எழுதலாமா, குறைத்து எழுதலாமா? உள்ளதைச் சொன்னால் ஒன்றுவிட்ட சித்தப்பன் வரைக்கும் கை நீட்டுகிறான், சொல்லாவிட்டால் பெண்டாட்டி கடன் வாங்குகிறாள் என்கிறார்கள். இரண்டும் நிஜம். ஊரில் இருக்கிற நீங்களும் இதைப் படிப்பீர்கள், எனவே ஒன்று சொல்லிவைக்கிறேன். நாங்கள் மறைப்பதெல்லாம் பேராசையால் அல்ல. சொன்ன காசை ஊர் பிடுங்கிக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அக்காவை ஊர் பிடுங்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டது நான் எழுதிய ஒரு வார்த்தை. எல்லாம் சொல் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லாதே என்றும் சொல்ல வரவில்லை. யாருக்குச் சொல்லக் கூடாது என்று பட்டியல் போடும்போது, அந்தப் பட்டியலில் யார் உங்களுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சிலர் தலையாட்டிவிட்டுப் போய், குறைத்தே எழுதுகிறார்கள்.

கிளியனூரில் கிளம்பும்போது, இனிமேல் அனுப்பாதே, மல்லாட்டை போதும் என்று அக்கா சொல்லியிருந்தாள். கேட்காமல் அனுப்பினேன். நாற்பது ரூபாய், கிளியனூர் விலாசத்துக்கே, நேராக அவள் பேருக்கு. போன வாரம் ஈப்போ தபாலாபீசிலிருந்து கூப்பிட்டார்கள். வாங்க மறுத்துவிட்டதாகக் குறிப்பு எழுதித் திரும்பி வந்திருந்தது. மணியார்டர் பாரத்தின் பின்பக்கம் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. ஈப்போ, பினாங்கு, மதராசு, திண்டிவனம், கிளியனூர். பிறகு அதே பெயர்கள் பின்னாலிருந்து முன்னால். நான் போய் வந்த வழி. என் ஊரின் முத்திரை அதில் எங்கேயும் இல்லை. குமாஸ்தா பணத்தை எண்ணி வைத்து, பெறுபவர் என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதற்கு மேல் வரியில் அனுப்புபவர் என்று என் பெயரே இருந்தது. கீழ் வரியிலும் அதே பெயரை எழுதினேன். மை காய்வதற்காகக் கொஞ்ச நேரம் நின்றேன்.