குணம் அண்ணையிடம் நான் மறைத்த தகடு

குணம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அண்ணையின் மனைவி பவானி அக்காவின் தம்பிதான் போன் எடுத்தார். "அத்தான் மோசம் போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஒருவித ஆறுதல்தான் வந்தது. என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்த ஒரே மனிதர் இனி இல்லை என்கிற ஆறுதல். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. என் மனம் இப்படி நினைத்ததே என்று விறைத்துப்போய் அங்கேயே நின்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பவானி அக்கா கேட்டார். "உம்மிலை அவருக்கு நல்ல விருப்பம். அவரோடை காடெல்லாம் திரிஞ்சது நீர் ஒராள்தானே" என்றார். அவருடைய நல்ல குணங்களை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு அவற்றுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம். அவரை அறிந்த உங்களிடம் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் பலருக்கு அவர் சனிக்கிழமைகளில் காதில் ஹெட்போனும் கையில் உலோகம் தேடும் கருவியுமாக ரொம்மனில் பஸ் ஏறுகிற மனிதர். பிள்ளைகள் அவரை 'புதையல் மாமா' என்பார்கள். நானும் அவரும் ஒரே சாமான் களஞ்சியத்தில் பதினொரு வருடம் வேலை செய்தோம். அதற்கு முன் அவர் நோர்வேயின் வட கோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே குடியிருந்த வீட்டுக்காரருக்கு உருளைக்கிழங்குப் பாத்தி கொத்திக் கொடுத்தபோது, உருகி ஒட்டிப்போன ஒரு பிடி கரண்டிகள் மண்வெட்டியில் பட்டனவாம். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த ஊர் முழுவதையும் எரித்துவிட்டுப் போன கதையை அந்தக் கிழவர் அன்றுதான் சொல்லியிருக்கிறார். "இஞ்சையும் ஊரை எரிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறாங்கள். அண்டைக்குத்தான் தம்பி, இது வேறை ஆக்களின்ரை நாடு எண்ட எண்ணம் எனக்குப் போனது" என்று அண்ணை சொல்வார். கருவி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

விதிமுறைகளில் அவர் மிகவும் கண்டிப்பு. அனுமதி இல்லாத நிலத்தில் கால் வைக்கமாட்டார். ஒருமுறை ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பண்ணைக் காட்டில் துருப்பிடித்த எறிகுண்டு ஒன்று தட்டுப்பட்டது. "கை வைக்காதையும், பின்னாலை வாரும்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொலிசுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை மூன்று மணித்தியாலம் மழையில் நின்றோம். போகலாம் அண்ணை, இடத்தைச் சொல்லிவிட்டோம்தானே என்று கேட்டேன். "நாய் கொண்டு நடக்க வாற சனம் இருக்கு. கண்டவன் நிக்கவேணும்" என்றார்.

இறந்த வீரர்களின் அடையாளத் தகடுகளைப் பற்றிச் சொல்லித்தந்ததும் அவர்தான். ஜெர்மன் வீரர்களின் தகடு நீள்வட்டமாக, நடுவில் துளைக்கோட்டோடு இருக்கும். இரண்டு பாதியிலும் ஒரே இலக்கம். ஆள் செத்தால் ஒரு பாதியை உடைத்து மேலிடத்துக்கு அனுப்புவார்கள், மற்றப் பாதி உடலோடு போகும். "உடைக்காத தகடு கிடைச்சால், ஒண்டில் அவன் அதைத் துலைச்சிருக்கோணும். இல்லாட்டி ஒருத்தரும் எடுக்காமல் அவன் இன்னும் அங்கையே கிடக்கிறான்" என்றார். அவருடைய தம்பி இலங்கையில் நடந்த கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். "செத்திட்டான் எண்டாவது ஆரும் சொல்லுங்கோவன்" என்று கேட்டுக் கேட்டே அவருடைய தாயார் கண்ணை மூடினார். இதுவும் எனக்குத் தெரியும். ஆகவே நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஒரு கோடையில் அவர் என்னை வடக்கே, ஹம்மர்பெஸ்டுக்கு அப்பால் கூட்டிப் போனார். முறைப்படி அனுமதி எடுத்து ஒரு மலைச்சரிவில் தேடினோம். ஓர் ஓடைக்கரையில் என் கருவி கூவியது. ஒரு சாண் ஆழத்தில் சாம்பல் நிறத் தகடு. முழுத் தகடு. ஐந்து வருடம் அவர் பின்னால் அலைந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆணியும் போத்தல் மூடியும். இதைக் காட்டினால் உடனே பொலிசுக்குப் போய்விடும். இது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று தோன்றியது.

"என்ன தம்பி கிடைச்சுது?" என்று மேட்டிலிருந்து கேட்டார்.

"ஆணி, அண்ணை."

தகட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன்.

ஒஸ்லோவில் அதைக் கழுவித் துடைத்து வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். அண்ணை வருகிற நாட்களில் எடுத்து மறைத்துவிடுவேன். மாசி மாதம் மகளின் பிறந்தநாளன்று மறந்துபோனேன். பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் அதை எடுத்துப் பார்த்து, "செம்மையா இருக்கே! எங்க சார் பிடிச்சீங்க?" என்றார். பழைய சாமான் சந்தையில் வாங்கியது என்றேன். திரும்பினால் அண்ணை நிற்கிறார். தகட்டை வாங்கி, நடுக்கோட்டில் பெருவிரலை ஒருமுறை ஓட்டினார். "உடைக்கேல்லை" என்றார். அவ்வளவுதான். என் கையில் திருப்பித் தந்துவிட்டு, பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று கிழமை அவர் எதுவும் கேட்கவில்லை. வழமைபோலவே கதைத்தார், சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. வேலையிடத்தில், உடுப்பு மாற்றும் அறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். "இடம் ஞாபகம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே பொலிசுக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் அண்ணை நோர்வேஜிய மொழியில், "நாங்கள் கண்டெடுத்தோம். கொண்டுவரப் பிந்திவிட்டோம். மன்னிக்க வேண்டும்" என்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்துத்தான் அறிவுரை சொன்னார். இவ்வளவு அனுபவம் உள்ளவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். ஒரு ஆணியைக்கூட ஒளிக்காத மனிதர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அது நான் என்று சொல்ல ஒரு வசனம் போதும். நான் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் அதிகாரிகள் இடத்தைக் காட்ட அவரை அந்த மலைச்சரிவுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். என் கையால் கீறிய வரைபடம் அவரிடம் இருந்தது. ஓடையிலிருந்து நாலு அடி தள்ளி, கல்லுக்குக் கீழே எலும்புகள் இருந்தன. இலக்கத்தை வைத்து ஜெர்மனியில் பெயரைக் கண்டுபிடித்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன். இலையுதிர் காலத்தில் அவனுடைய தங்கையின் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அண்ணை அதைச் சாப்பாட்டு அறையில் எனக்கு வாசித்து, தமிழில் சொன்னார். அந்தத் தங்கைக்கு அண்ணனின் முடிவு தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதியோர் இல்லத்தில் கடந்த தை மாதம் காலமானார். சேதி கேட்க அவர் இல்லையே என்பதுதான் குறை, மற்றபடி மிக்க நன்றி என்று எழுதியிருந்தது.

தை மாதம் அந்தத் தகடு என் அலுமாரியில், மகளின் நீச்சல் பதக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"வாசிக்காமல் விடுவம் எண்டுதான் முதலிலை யோசிச்சனான்" என்றார் அண்ணை. "ஆனா உமக்கும் தெரியத்தானே வேணும்." கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு எழும்பிப் போனார்.

அதன் பிறகு நான் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கம். அவருக்கு என்மேல் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. அந்தத் தங்கை கேட்டபடியே போனதற்கு நான்தான் காரணம் என்று பவானி அக்காவுக்குக்கூட அவர் சொல்லவில்லை என்பது செத்தவீட்டில்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. "அந்தத் தகட்டை எடுத்துக் குடுத்த பிள்ளை" என்றுதான் அக்கா என்னை வந்தவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். நான் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன், அக்கா.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு பொருள். கடிதம் வாசித்த அதே வார வெள்ளிக்கிழமை என் தொலைபேசியில் அவர் விட்டுப்போன குரற்செய்தி. "நாளைக்கு வானம் வெளிக்குமாம். பத்து மணிக்கு ரொம்மன் ஸ்டேசன் வாசலிலை நிப்பன். வாரும் தம்பி."

நான் போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று அவரிடம் கேட்கவும் இல்லை.