பேரில்லாத அனுமதி

சுபாஜினி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விளிம்பில்தான் உட்காருவாள், யாரோ எழும்பச் சொல்லப்போகிறார்கள் என்பது போல. தேநீர் ஆறும்வரை பொறுக்க மாட்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு அதற்கும் எங்களையே திட்டுவாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஹோல்ட் முன்னாலேயே கதவடியில் போய் நிற்பாள். நான்கு வருடமாக அவளுக்குப் பக்கத்து மேசையில் இருப்பவள் நான், ரிஸ்கா. இதெல்லாம் பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை. அவள் காலாட்டுகிற ஆட்டத்தில் என் மேசையும் சேர்ந்து ஆடும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கொஞ்சம் சும்மா இரி புள்ள" என்பேன்.

"நான் லொறியில பொறந்தவ. சும்மா இருக்க வராது" என்பாள்.

பகிடி இல்லை, உண்மையான கதை. மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவளுடைய அம்மா இராக்கம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். வலி எடுத்ததும் கொழுந்து ஏற்றும் லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பசறை ஆஸ்பத்திரி வருவதற்குள் சாக்குகளின் மேல் இவள் பிறந்துவிட்டாள். இதைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வாள். அவளுடைய அம்மாவோ அந்த நாளைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

எங்கள் அலுவலகம் பதுளை பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருக்கிறது. முதலாளி நௌபர் நானா, நாங்கள் நாலு பேர். ஒரு கம்பனிக்கு ஒரு விண்ணப்பம் வந்தால் அது யாரிடம் போக வேண்டும், அவர் என்ன செய்ய வேண்டும், பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக அமைத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. திரையில் நீலப் பெட்டிகள் இருக்கும். அவை தானாக நடப்பவை: மெசேஜ் போகும், கடிதம் தயாராகும். மஞ்சள் பெட்டிகளும் இருக்கும். அவை மனிதர் கையால் முடிக்க வேண்டியவை. யாராவது பார்த்து, யோசித்து, பட்டனை அமத்தும்வரை எல்லாம் அங்கேயே நிற்கும்.

மஞ்சள் பெட்டியைத் திறந்தால் மூன்று கட்டங்கள் நிரப்ப வேண்டும். யார் முடிப்பது, எவ்வளவு நேரத்துக்குள், நேரம் தாண்டினால் என்ன செய்வது. மூன்றாவதை வெறுமையாக விட்டால் அந்த வேலை கிடையாய்க் கிடக்கும், கேட்க நாதியிருக்காது. எங்களில் பலர் அதை வெறுமையாகத்தான் விடுவோம், வாடிக்கையாளரும் கேட்பதில்லை. சுபாஜினியால் மட்டும் முடியாது. வெறுமையான மூன்றாவது கட்டத்தைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

போன வருடம் எங்களுக்கு ஒரு தோட்டத்து வேலை வந்தது. பெயரைச் சொல்லவில்லை, துரைமார் கோபித்துக்கொள்வார்கள். சுபாஜினி பிறந்த அதே தோட்டம்தான். அங்கே அவசரத்துக்கு ஒரு வேன் நிற்கிறது. தொழிலாளர் லயத்திலிருந்து சந்தி வரைக்கும் ஆறு கிலோமீட்டர் கல்லு ரோட்டு. சந்திக்கு வந்துவிட்டால் வேறு வண்டி கிடைக்கும், மேலே ஏற வேறு எதுவும் கிடையாது. அந்த வேனைக் கேட்கிற முறையை போனுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் கருப்பம்மா போனில் கேட்பார். சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி நிர்வாகி, ஜெயகுமார் அனுமதி கொடுப்பார். டிரைவர் கணபதிக்கு மெசேஜ் போகும். அவர் 'கிளம்பினேன்' என்று அமத்துவார். அவ்வளவுதான்.

"சின்னத்துரை பத்து நிமிசத்துல பார்க்கலன்னா?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டாள் சுபாஜினி.

"பார்ப்பேன்" என்றார் ஜெயகுமார். "போன் எப்பவும் என் கையிலதான் இருக்கு."

"பார்க்கலன்னா சேர்?"

"தங்கச்சி, போன வருசம் நெஞ்சு வலின்னு சொல்லி வேனை எடுத்துக்கிட்டு பண்டாரவளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போனாங்க. அனுமதி இல்லாம அது நகரக்கூடாது."

மனிதர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இவள் விடவில்லை. இரண்டு வாரம் அந்த ஒரு கட்டத்துக்காக ஜெயகுமாருக்கு ஏழு தடவை போன் எடுத்தாள். நௌபர் நானா தலையில் கை வைத்துக்கொண்டு, "மகள், கஸ்டமர் கேட்டதச் செய்ங்க, எங்கட வேலை அதுதானே" என்று கெஞ்சினார். கடைசியில் ஜெயகுமாரே சலித்துப்போய், "சரி, பத்து நிமிசம் போடுங்க. அப்படி ஒரு நாளும் நடக்கப் போறதில்ல" என்றார். பத்து நிமிடம் தாண்டினால் அனுமதி தானாகக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு டிரைவருக்கு மெசேஜ் போய்விடும். அன்றைக்கு அவள் எங்கள் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

தோட்டத்தில் அது ஓட ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும். மழை நாள், பகல் இரண்டு மணி. அவளுடைய திரையில் ஒரு புது வரி வந்தது. கருப்பம்மா கேட்டிருந்தார்: மதுஷா, வயது இருபத்து மூன்று, பிரசவ வலி, எட்டு மாதம், இரத்தம் போகிறது.

"சொந்தமா?" என்றேன்.

"இல்ல. அம்மா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி."

அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். ஜெயகுமாரின் மஞ்சள் பெட்டி திரையில் நின்றது. அழைத்தோம், போன் வேலை செய்யவில்லை. கூட்டத்தில் இருந்தாராம், பிறகு தெரிந்தது. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். இவள் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள். கீழே செருப்புக் கடைக்காரர் கூரையைத் தட்டும் அளவுக்கு நடந்தாள். பத்தாவது நிமிடம் பெட்டி பச்சையானது. நேரம் தாண்டியது, தானாக அனுமதி. கணபதிக்கு மெசேஜ் போனது. எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அதோடு எல்லாம் நின்றது. 'கிளம்பினேன்' என்ற கடைசிப் பெட்டி மஞ்சளாகவே இருந்தது.

இரண்டு நிமிடம், நாலு நிமிடம். சுபாஜினி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது கட்டம் வெறுமை. எல்லோரிடமும் சண்டை பிடித்தவள், இந்த ஒன்றை நிரப்பவே இல்லை. அனுமதி கிடைத்த பிறகு எந்த டிரைவர் சும்மா இருப்பார் என்று நினைத்துவிட்டாள். நானும்தான் நினைத்தேன்.

கருப்பம்மாவை அழைத்தாள். "வேன் இங்கதான் நிக்குது பாப்பா" என்று அந்த அம்மா அழுதார். "புள்ளய வேன்ல ஏத்தியாச்சு. சாவியும் கையில இருக்கு. அந்த மனுசன் எடுக்க மாட்டேங்குறாரு."

"போனை அவருகிட்ட குடுங்க."

சுபாஜினி ஸ்பீக்கரில் போட்டாள். மழைச் சத்தமும் பின்னால் ஒரு பெண்ணின் முனகலும் கேட்டன.

"கணபதி அண்ணே, மெசேஜ் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? எடுங்கண்ணே!"

"அனுமதிச்சது யாருன்னு போடலையே பாப்பா. முன்ன மாதிரி துண்டுச் சீட்டு குடுத்தா அதுல கையெழுத்து இருக்கும். இதுல யார் பேரு இருக்கு?"

"சிஸ்டம் குடுத்துருக்கு."

"சிஸ்டம்னா யாரு? நாளைக்குத் தொரை கேட்டா அது வந்து எனக்காகப் பேசுமா?"

சுபாஜினி கத்தினாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "ஒரு உசிரு போயிட்டு இருக்கு, நீங்க பேரு கேக்குறீங்களா? ஒங்களுக்கு மனசாட்சி இல்லியா?"

அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"மனசாட்சி இருந்துச்சு பாப்பா. முப்பத்தோரு வருசத்துக்கு முன்னாடி துண்டு இல்லாம கொழுந்து லொறிய எடுத்தேன். தொரை பங்களாவுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, கையெழுத்துக்குக் காத்திருக்கச் சொன்னாங்க. காத்திருக்கல. மறுநாளே லொறியப் புடுங்கிட்டு மலையில தண்ணிக் கான் வெட்டப் போட்டாங்க. மூணு வருசம் கான் வெட்டுனேன். ஒருத்தர் வந்து எனக்காகப் பேசல. இன்னும் எட்டு மாசத்துல வேலைய விட்டு நிக்கப் போறேன், மறுபடியும் முடியாது."

"யாருக்காக எடுத்தீங்க?" என்றாள். அவள் குரல் அவளுடையதாகவே இல்லை.

"அத விடு."

"யாருக்காக அண்ணே?"

"இராக்கம்மாவுக்கு. வேற யாருக்கு."

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவளும் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அடுத்த நொடி கீபோர்டை இழுத்தாள். ஜெயகுமாரின் பெட்டியைத் திரும்பத் திறந்தாள். அதைத் திறக்கிற பாஸ்வேர்ட் எங்களிடம் இருக்கிறது, ஆனால் தொடக்கூடாது, வாடிக்கையாளரின் அனுமதியில் எங்கள் கை படக்கூடாது என்பது அலுவலகத்தின் முதல் சட்டம். நௌபர் நானா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அவள் தன் பெயரிலேயே அனுமதியை முடித்தாள். மெசேஜின் அடியில் ஒரு வரி சேர்த்துத் திரும்ப அனுப்பினாள்.

அந்தப் பக்கம் போன் 'டிங்' என்றது. கணபதி எழுத்துக் கூட்டி வாசித்தார். "அனுமதித்தவர், இராக்கம்மா மகள் சுபாஜினி."

"நாளைக்கு யார் கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க. நான் வந்து பேசுறேன்."

எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

மதுஷாவுக்குப் பதுளையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அதைக் கேட்ட அன்று சுபாஜினி ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெயகுமார் படியேறி வந்தார். "என் எடத்துல கையெழுத்துப் போட ஒங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, "யாரும் குடுக்கல சேர். தப்பு என்னோடது. கணபதி அண்ணன் மேல கை வைக்காதீங்க, அவருகிட்ட பேர் போட்ட அனுமதி இருக்கு" என்றாள்.

"இந்தப் புள்ளய எங்க வேலையில இருந்து எடுங்க" என்றார் அவர் நானாவிடம்.

நௌபர் நானா வாடிக்கையாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் எதிர்க்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "எடுக்கலாம் சேர். அப்ப பத்து நிமிசம் தாண்டினா அந்த மெசேஜ்ல யார்ட பேரப் போடுறது? ஒங்கட பேரப் போடட்டுமா?"

ஜெயகுமார் தன் கையில் இருந்த போனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு இறங்கிய குரலில், "இந்தத் தங்கச்சி பேரே இருக்கட்டும். ஆனா ஒரே ஆள் போதாது. அவங்களுக்கே காய்ச்சல் வந்தா? ரெண்டு பேரப் போடுங்க" என்றார். நானா என்னைப் பார்த்தார். அடப் பாவமே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கட்டத்தில் சுபாஜினியின் பெயர் இருக்கிறது, அவளுக்கு அடுத்து என் பெயர். கடைசிப் பெட்டியின் கட்டமும் வெறுமை இல்லை. குளிக்கப் போனால் நானும் போனைத் தூக்கிக்கொண்டு போகிறேன். உம்மா என்னைப் பார்த்து, "ஒனக்கும் அந்தப் புள்ளையோட நோய் ஒட்டிக்கொண்டது" என்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவளோடு தோட்டத்துக்குப் போனேன். வேன் ஷெட்டில் கணபதி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். எங்களைக் கண்டதும் வேனுக்குள்ளிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து நீட்டினார். அந்த மெசேஜைத் தன் கையாலேயே எழுதிவைத்திருந்தார், தேதியும் நேரமும் போட்டு.

"போன் ஒடஞ்சு போச்சுன்னா? ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு பாப்பா."

வேன் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்னொரு தாள் இருக்கா?" என்று கேட்டு வாங்கி நின்றபடியே எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். கொழுந்து லொறி, டிரைவர் கணபதி, நோயாளி இராக்கம்மா, பிரசவ வலி, உடனே செல்ல அனுமதி. மேலே போட்டிருந்த தேதி அவளுடைய பிறந்த நாள், முப்பத்தோரு வருடத்துக்கு முந்தியது. கீழே அவளுடைய கையெழுத்து.

கணபதி அதை வாசித்தார். திரும்பவும் ஒரு தடவை வாசித்தார். முதல் துண்டை வேனில் வைத்தார். இரண்டாவதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொத்தானைப் பூட்டினார்.