மவுஸைத் தொட்டீங்களாண்ணா?

போன சனிக்கிழமை நான் ஒரு பரீட்சை எழுதினேன். எழுதினேன் என்பது கொஞ்சம் ஓவர். எழுதியவர் முரளி. நான் பக்கத்தில் உட்கார்ந்து... கெடுக்கப் பார்த்தேன். இருங்கள், முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது!

முரளி கோயமுத்தூர்க்காரர். மராத்தி பேசும் எங்கள் ஊரில், சாங்வி என்ற பகுதியில் குடியிருக்கிறார். முப்பது வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. இங்கே ஒரு கம்பெனியில் ஐந்து வருடமாக வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அவருக்கு வேண்டியதோ சர்வர் டீமில் ஓர் இடம். இரண்டு தடவை கேட்டும், 'அது ஸ்கிரீனைப் பார்த்துச் செய்யும் வேலையாச்சே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை, 'சரி, டெஸ்ட் எழுதுங்கள், ஆனால் இதுதான் கடைசி' என்றார்கள்.

பார்வை இல்லாதவர்கள் பரீட்சைக்குத் துணையாக ஒருவரை அழைத்துப் போகலாம். ஸ்கிரைப் என்பார்கள். அவருக்கு ஒரே விதிதான் – சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொந்தப் புத்தியை உபயோகிக்கக் கூடாது. முரளிக்கு வழக்கமாக வரும் நண்பர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"நான் வர்றேன் முரளி! இருபத்தஞ்சு வருஷமா கம்ப்யூட்டர்லதான் குப்பை கொட்டறேன்" என்று மார்தட்டினேன். தேவையா எனக்கு?

நாற்பது நிமிட டெஸ்ட். ஒரு சர்வர் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எழுதி வைத்த ஆயிரத்து இருநூறு குறிப்பு ஃபைல்கள் இருக்கின்றன. பிழை எந்தெந்த ஃபைலில் பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து, சர்வரை மறுபடி எழுப்ப வேண்டும். அதற்கென்று புத்தம் புதிதாக ஒரு டூல். திறந்ததும் பச்சை, நீலம், ஆரஞ்சு... கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது!

முரளியின் லேப்டாப்பில் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. அது பேசும் வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அன்றைக்கு எனக்கே புரிந்தது. ஏனென்றால் அது சொன்னது இவ்வளவுதான்: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

பட்டன்களில் படம் போட்டவர்கள் அவற்றுக்குப் பெயர் எழுத மறந்துவிட்டார்கள்.

"அண்ணா, என்னங்ணா தெரியுது?"

"மேல ஒரு பல்சக்கரம். பக்கத்துல மூணு கோடு. அப்புறம்... புனல் மாதிரி ஒண்ணு."

"அந்தப் பல்சக்கரம் என்னங்ணா பண்ணும்?"

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை! இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்கும் அது வெறும் பட்டன்தான். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்ததில் பதினைந்து நிமிடம் காலி. முரளியின் நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் குல்கர்ணி மேடம். கண்டிப்பான பேர்வழி. முரளி அவர் பக்கம் திரும்பி, "மேடம், இதே வேலையை டெர்மினல்ல செய்யலாமா?" என்று இந்தியில் கேட்டார். மேடம் வினாத்தாளைப் புரட்டினார். வேலை என்ன என்றுதான் இருந்தது. எதைக் கொண்டு செய்ய வேண்டும் என்று இல்லை. "டீக் ஹை, கரோ" என்றார். சரி, செய்யுங்கள் என்று அர்த்தம்.

டெர்மினல் தெரியுமல்லவா? கறுப்பு ஜன்னல், மினுக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். விண்டோஸில் மூடுகிற பெருக்கல் குறி வலது மூலையில், மேக்கில் இடது மூலையில். லினக்ஸிலோ வைத்தவன் இஷ்டம். நாம் தேடித் தேடிக் கிளிக்குகிறோம். கறுப்பு ஜன்னலில் தேட எதுவுமே இல்லை. என்ன வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், எழுத வேண்டும். எழுதினால் எழுத்திலேயே பதில் வரும். எழுத்தென்றால் காதால் படிக்கலாமே!

முரளியின் விரல்கள் பறந்தன. 'எல்லா ஃபைலிலும் இந்த வார்த்தையைத் தேடு. இருப்பதை மட்டும் நகலெடுத்து அந்த ஃபோல்டரில் போடு' – இதை அவர் ஒரே வரியில் எழுதி என்டர் தட்டினார். ஆயிரத்து இருநூறில் எண்பத்தேழு ஃபைல்கள் போய்ச் சேர்ந்தன. நான் வாயைப் பிளந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எனக்குப் பொங்கல் வரைக்கும் ஆகியிருக்கும்!

அந்தக் குஷியில்தான் வினை. பின்னால் திறந்திருந்த டூலில் ஏதோ ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. மவுஸ்காரன் கை சும்மா இருக்குமா? அதை மூடிவிட்டேன். ஒரே ஒரு கிளிக்.

முரளி அடுத்த வரியை அடித்து என்டர் தட்டினார். லேப்டாப் சொன்னது: "பட்டன்."

அவர் விரல்கள் அப்படியே நின்றன. "அண்ணா... மவுஸைத் தொட்டீங்களா?"

என் கிளிக்கால் கர்சர் டூலுக்குத் தாவியிருந்தது. அவர் தட்டிய என்டர் அங்கே ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டது. ஃபோல்டர் காலி. எண்பத்தேழும் போச்சு. ஐந்து வருடக் கனவு, கடைசி வாய்ப்பு, என் ஒற்றை விரலால்! மேடம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "ஆப் குச் மத் கீஜியே" என்றார். நீங்கள் ஒன்றுமே செய்யாதீர்கள் என்று அர்த்தம்.

முரளி கத்தவில்லை. கறுப்பு ஜன்னலுக்குத் திரும்பினார். மேல்நோக்கும் அம்பு விசையை ஒரு முறை அமுக்கினார். சற்றுமுன் எழுதிய அதே வரி வந்து நின்றது. என்டர். எண்பத்தேழும் திரும்பி வந்துவிட்டன!

எனக்குப் புல்லரித்துப் போனது. நான் இத்தனை வருடம் செய்த கிளிக்குகள் எங்கே போயின? காற்றோடு போயின. ஒரு வேலை கெட்டால் முதலிலிருந்து கிளிக்க வேண்டும். முரளி சொன்ன வார்த்தைகளோ அப்படியே காத்திருக்கின்றன, மறுபடி கூப்பிட்டால் வருகின்றன. மவுஸை நான் குறை சொல்ல மாட்டேன். போட்டோ பார்க்க, படம் வரைய அதுதான் சௌகரியம். ஆனால் அதுதான் கம்ப்யூட்டர் என்று நினைத்திருந்தேனே!

இன்னும் ஒரு வரி. சர்வர் எழுந்தது. நான்கு நிமிடம் மிச்சம். நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "அண்ணா... கெடச்சிருச்சுங்ணா!"

நான் பக்கத்துப் பேட்டையான ஔந்தில் ஒரு காய்கறிக் கடையில் இருந்தேன். போட்ட கூச்சலில் கடைக்காரர் பதறிப்போய், "காய் ஜாலம், காகா?" – என்ன ஆச்சு, மாமா? – என்று மராத்தியில் கேட்டார். என்ன ஆயிற்றென்று எந்த மொழியில் சொல்ல? அவருக்கும் ஒரு கை கொடுத்தேன்.

"மொதல் வேலையும் குடுத்துட்டாங்கண்ணா. அந்த டூல்ல இருக்கற எல்லாப் பட்டனுக்கும் பேர் எழுதோணும்."

"பலே! பார்வை இல்லாதவங்களுக்காகவா?"

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்ணா. மேடந்தான் சொன்னாங்க... டீம்ல ஒருத்தருக்குமே எந்தப் பட்டன் எதுக்குன்னு தெரியாதாமா!"