மூக்கு வைத்த கடை

திருப்பதி போகும் வழியில், புத்தூரில் ஒரு தகரப் பட்டறை மேஸ்திரியைப் பார்த்தேன். ஒல்லியானவர். தட்டிய வளைவைக் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவித்தான் பார்ப்பார். அன்று அவர் முடித்திருந்தது ஒரு கரும்புச்சாற்றுக் கடை. சக்கரமே இல்லாத கடை! ஆனால் முன்பக்கம் விமான மூக்காய் வழுக்கிக் காற்றைக் கிழித்தது. பக்கவாட்டில் மூன்று வெள்ளிக்கோடுகள் பறந்தன. பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது.

கடைக்கார அம்மா முறைத்தார். "ஒரே எடத்துல நின்னுகினு இருக்கற கடைக்கு ராக்கெட் மூக்கு எதுக்கு மேஸ்திரி? அறுத்துடு."

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. "பூசையப் போடுக்கா. அப்பவும் வேணாம்னா அறுத்துடறேன்."

அந்த அம்மா வேண்டாவெறுப்பாகக் கற்பூரம் காட்டினார். பிறகு, புது வண்டிக்குச் செய்கிற பழக்கத்தில், சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழங்களோடு குனிந்தார். இந்தப் பக்கம் தேடினார். அந்தப் பக்கமும் தேடினார்.

"சக்கரம் எங்க மேஸ்திரி?"

பட்டறையே சிரித்தது. அந்த அம்மாவும்தான்.

"அறுத்துடட்டாக்கா?"

"தொட்டியானா கைய ஒடிச்சிடுவேன்!"

நகரவே முடியாத தகரத்துக்குள் அத்தனை ஓட்டத்தை அந்த மனிதர் எப்படித் தட்டி ஏற்றினாரோ! பஸ்ஸில் திருப்பதி போய்ச் சேரும்வரை என் கால்கள் சும்மா இருக்கவில்லை.